ஏழு சீட்டிலும் ஏறக்குறைய ஒரே விலை: வியாபாரிகள் பேசி வைத்துக்கொள்கிறார்களா என்பதை எப்படி அறிவது?

எழுதியவர்: மூன்று ஏக்கர் (குறிஞ்சிப்பாடி)

அனைவருக்கும் வணக்கம். மார்கழிப் பட்டத்தில் மணிலா (நிலக்கடலை) விதைத்து, பங்குனியில் பிடுங்கி, களத்தில் காயவைத்து, மெஷினில் உடைத்துப் பருப்பாக விற்பது எங்கள் வீட்டு வழக்கம். வெளியே கமிஷன் மண்டியில் எடையிலும் தரகிலும் போய்விடுவது அதிகம் என்பதால், ஐந்தாறு ஆண்டுகளாக, அரசு மேற்பார்வையில் ஏலம் நடக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குத்தான் கொண்டுபோகிறேன். எந்தக் கூடம் என்று இங்கே எழுதப் போவதில்லை. என்னிடம் இருப்பது சந்தேகம் மட்டும்தான். சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பெயரைப் பொதுவில் சொல்வது நியாயமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கூடத்தில் கொட்டி வைத்திருக்கும் குவியல்களை வியாபாரிகள் சுற்றி வந்து, ஒரு பிடி அள்ளிப் பார்த்து, இரண்டு பருப்பை வாயில் போட்டுக் கடித்துவிட்டு, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அதற்கு மறைமுக ஏலம் என்று பெயர். பங்குனி முதல் வாரத்தில் என்னுடைய பதினான்கு மூட்டைக்கு ஏழு சீட்டுகள் விழுந்தன. 80 கிலோ மூட்டை ஒன்றுக்கு 7,410, 7,405, 7,400, மறுபடியும் 7,400, 7,395, 7,390, 7,390. பக்கத்துக் குவியல் எங்கள் ஊர்க்காரர் ஒருவருடையது. காயும்போது மழையில் மாட்டிச் சற்றுக் கறுத்துப்போன சரக்கு. அதையும் வேறொரு வியாபாரி 7,400 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். நல்ல சரக்குக்கும் நனைந்த சரக்குக்கும் பத்து ரூபாய்தான் வித்தியாசமா என்று அன்றைக்கே மனம் உறுத்தியது.

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், சரக்கு கொண்டுபோனாலும் போகாவிட்டாலும், பலகையில் எழுதிப் போடும் உச்ச விலைகளையும் வாங்கியவர் பெயர்களையும் மகளின் பழைய நோட்டில் குறித்து வந்தேன். நான்கு வாரங்களிலும், ஒரே நாளின் உச்ச விலைகளுக்கிடையே இருபது ரூபாய்க்கு மேல் இடைவெளி இல்லை. ஐந்தாம் வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். அன்று விலை 7,850 வரை போயிற்று. அவர் அவ்வளவு எழுதியதில் எனக்கு வியப்பில்லை. அதே உள்ளூர் வியாபாரிகளே அன்று சில குவியல்களை 7,800, 7,820 என்று எடுத்தார்கள் என்பதுதான் வியப்பு. ஆறாம் வாரம் அவர் வரவில்லை. விலை 7,420 ஆகிவிட்டது. கடையில் மணிலா எண்ணெய் விலையோ அந்த மூன்று வாரமும் அசையவே இல்லை.

என் கேள்விகள் இவை. பேசி வைத்துக்கொண்டு விலை எழுதுவது சட்டப்படி குற்றமா? விற்பவர்கள் கூடி விலையை ஏற்றுவதைப் பற்றித்தான் செய்திகளில் படிக்கிறோம். வாங்குபவர்கள் கூடி விலையைக் குறைத்தாலும் அந்தச் சட்டம் செல்லுமா? குவியல்தோறும் விழுந்த எல்லாச் சீட்டுகளையும் எழுதியவர் பெயரோடு பலகையில் ஒட்ட வேண்டும் என்று நாங்கள் சிலர் மனு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். அதனால் நிலைமை சீராகுமா?


எழுதியவர்: பழைய கணக்குப்பிள்ளை (பண்ருட்டி)

ஐயா, இருபத்திரண்டு ஆண்டுகள் மண்டியில் கணக்கு எழுதியவன் என்ற முறையில், முதலில் வியாபாரிகள் பக்கத்தில் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சீட்டுகளில் விலை நெருங்கி இருப்பதை மட்டும் வைத்துச் சிண்டிகேட், அதாவது பேசி வைத்துக்கொண்ட கூட்டு, என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மணிலா வாங்குகிற ஏழு பேரும் பெரும்பாலும் அதே நான்கைந்து எண்ணெய் ஆலைகளுக்குத்தான் அனுப்புகிறார்கள். ஆலைக்காரர் முதல் நாள் இரவே போனில் விலை சொல்லிவிடுவார். அந்த விலையிலிருந்து லாரி வாடகை, சாக்கு, சுமை கூலி, ஈரத்தில் காணாமற்போகும் எடை, தம்முடைய லாபம் எல்லாவற்றையும் கழித்தால் கிடைப்பதுதான் சீட்டில் எழுதும் எண். ஏழு பேருக்கும் ஆலை ஒன்று, லாரி வாடகை ஒன்று, கூலி ஒன்று என்னும்போது, ஏழு பேரும் தனித்தனி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டாலும் பத்து இருபது ரூபாய்க்குள்தான் வந்து நிற்கும். இதில் களவு எதுவும் இல்லை.

ஆனால் களவு நடந்ததையும் பார்த்திருக்கிறேன். காலையில் ஏலத்துக்கு முன்னால் டீக்கடையில் பேச்சு முடிந்துவிடும். இன்றைக்கு வடக்கு வரிசை உனக்கு, தெற்கு வரிசை எனக்கு என்று குவியல்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பங்குக்கு உரியவர் ஒரு விலை எழுதுவார்; மற்றவர்கள் அதற்கு ஐந்தும் பத்தும் குறைத்து எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பார்ப்பவருக்கு ஏழு பேர் போட்டி போட்டதாகத் தெரியும். உண்மையில் ஒருவர் எழுதியதற்கு ஆறு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் இன்னொரு படியும் உண்டு. சாயங்காலம் மண்டியின் பின்கட்டில் உட்கார்ந்து அதே சரக்கைத் தங்களுக்குள் மறுபடி ஏலம் விடுவார்கள். அங்கே போகும் விலைதான் சரக்கின் உண்மையான விலை. கூடத்து விலைக்கும் பின்கட்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். அது விவசாயியின் பணம். அந்தக் கணக்கை எழுதியவன் நானில்லை; எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்தது இன்றைக்கும் வருத்தமாகவே இருக்கிறது.

உங்கள் நோட்டில் என் கண் நிற்பது இரண்டு இடங்களில். முதலாவது அந்த நனைந்த சரக்கு. கறுத்த பருப்பை ஆலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க மாட்டார். எண்ணெயில் நிறமும் வாடையும் வந்துவிடும். தனித்தனியாகக் கணக்குப் போட்டு எழுதுகிறவர்கள் அதற்குக் குறைந்தது நூறு, இருநூறாவது கழித்திருப்பார்கள். அன்று குவியலைப் பார்த்து விலை எழுதவில்லை, வரிசையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. அல்லது உங்கள் நல்ல சரக்கு அதற்குரிய விலையைப் பெறவே இல்லை.

இரண்டாவது ஈரோட்டுக்காரர் வந்த வாரம். ஆலை சொன்ன விலையால்தான் 7,410 என்று நின்றது என்றால், அதே உள்ளூர்க்காரர்களால் 7,820 எப்படி எழுத முடிந்தது? இதற்கு ஒரே ஒரு நேர்மையான பதில்தான் இருக்க முடியும்: அந்த வாரம் ஆலை விலையே ஏறியிருக்க வேண்டும். அதைச் சரிபார்ப்பது எளிது. அதே நாளிலும் அதை ஒட்டிய நாட்களிலும் திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலைக் கூடங்களில் மணிலா என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். அங்கும் நானூறு ரூபாய் ஏறி, அடுத்த வாரம் இறங்கியிருந்தால் உங்கள் சந்தேகத்தைக் கைவிட்டுவிடலாம். அங்கெல்லாம் விலை நின்ற இடத்திலேயே நின்று, உங்கள் கூடத்தில் மட்டும் ஏறி இறங்கியிருந்தால், அந்த நானூறு ரூபாய் மற்ற வாரங்களில் எங்கே போனது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.


எழுதியவர்: ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் (புதுச்சேரி)

கேள்வி கேட்டவரின் கடைசி யோசனையைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனெனில் மனு கொடுப்பதற்கு முன் அவர் இதை அறிந்திருப்பது நல்லது. எல்லாச் சீட்டுகளையும் பெயரோடு ஒட்டச் சொல்வது, மேலோட்டமாகப் பார்த்தால் வெளிப்படைத்தன்மை. நடைமுறையில் அது சிண்டிகேட்டுக்குச் செய்யும் பேருதவியாக முடியலாம்.

காரணம் இது. கூடிப் பேசிக்கொண்டவர்களுக்கு விவசாயியிடமும் அதிகாரியிடமும் உள்ள பயத்தைவிடத் தங்களுக்குள் இருக்கும் பயம் பெரிது. 7,400 என்று பேசி வைத்த நாளில் ஒருவர் மட்டும் இரகசியமாக 7,450 எழுதினால், அன்றைய நல்ல சரக்கெல்லாம் அவருக்குப் போய்விடும். இந்த ஆசை ஏழு பேருக்கும் இருக்கிறது; ஏழு பேருக்கும் இருப்பது ஏழு பேருக்கும் தெரியும். ஆகவே எந்தக் கூட்டுக்கும் இரண்டு தேவைகள் உண்டு: வாக்குத் தவறியவரை உடனே கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தால் தண்டிக்க வேண்டும். தண்டிப்பது கடினமன்று, அடுத்த வாரம் அவருடைய வரிசையில் எல்லோரும் விலையை ஏற்றிவிட்டால் போதும். கண்டுபிடிப்பதுதான் கடினம். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதை விற்பனைக்கூடமே பெயரோடு ஒட்டிவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.

இது வெறும் ஊகம் அன்று. டென்மார்க் நாட்டில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு 1993-இல், ஆயத்தக் கான்கிரீட் (ரெடிமிக்ஸ்) விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களிடம் உண்மையில் வாங்கிய விலைகளை நிறுவனம்தோறும் வெளியிடத் தொடங்கியது. விலை தெரிந்தால் வாங்குபவர்கள் பேரம் பேசுவார்கள், விலை குறையும் என்பது நோக்கம். ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 விழுக்காடு வரை ஏறியது. அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் சில வாடிக்கையாளர்களுக்கு இரகசியமாகத் தள்ளுபடி கொடுத்து வந்தது. பட்டியல் வெளிவந்ததும் தள்ளுபடியை இரகசியமாக வைத்துக்கொள்ள முடியாமற்போய், கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய தேவைகூட எழவில்லை.

எனவே உங்கள் மனுவைச் சற்று மாற்றி எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உச்ச விலையும் விழுந்த சீட்டுகளின் எண்ணிக்கையும் அன்றே பலகையில் வரட்டும். தோற்ற சீட்டுகளைக் கிழித்துப் போடாமல், தேதி வாரியாகக் கட்டி, அதிகாரியின் பொறுப்பில் சில ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று கேளுங்கள். விசாரணை அதிகாரிக்கு அவை கிடைக்க வேண்டும்; சக வியாபாரிக்கு அன்றைக்கே தெரிய வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, ஈரோட்டுக்காரரைப் போன்றவர்கள் மேலும் நான்கு பேர் வருவதற்கு வழி கேளுங்கள். 2016 ஏப்ரலில் தொடங்கிய இ-நாம் என்னும் தேசிய மின்னணு வேளாண் சந்தையின் நோக்கமே வெளியூர்க்காரரும் இருந்த இடத்திலிருந்து விலை கேட்க முடிய வேண்டும் என்பதுதான். ஆனால் பருப்பைக் கடித்துப் பார்க்காமல் எவரும் பணம் போட மாட்டார்கள். ஈரப்பதமும் சொத்தைப் பருப்பின் அளவும் நம்பத்தக்க முறையில் அளந்து கணினியில் ஏற்றப்பட்டால்தான் வெளியூர் விலை வரும். உங்கள் கூடத்தில் ஈரமானி வேலை செய்கிறதா என்பது, இந்த விவகாரத்தில் சட்டப் பிரிவுகளுக்குச் சமமான கேள்வி.

சந்தையில் இதன் விளைவு என்ன என்பதிலும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. வாங்குபவர்கள் கூடி விலையைக் குறைத்தால் பாதிப்பு விவசாயிக்கு மட்டும், எண்ணெய் வாங்கும் மக்களுக்கு அது மலிவுதானே என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி நடப்பதில்லை. எண்ணெயின் சில்லறை விலையை முடிவு செய்வது நாடு முழுவதற்குமான வரத்தும் இறக்குமதியும். ஒரு கூடத்து வியாபாரிகள் மூட்டைக்கு நானூறு குறைத்து வாங்கியதை ஆலையும் கடைக்காரரும் அறிய மாட்டார்கள். அறிந்தாலும் விலையைக் குறைக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. கேள்வி கேட்டவரே அதைப் பார்த்திருக்கிறார்: கடையில் விலை அசையவில்லை. நடப்பது வேறு. இரண்டு மூன்று பட்டம் இப்படி ஏமாந்த விவசாயி, ஆள் கூலியும் விதை விலையும் கட்டுப்படியாகாமல், மணிலாக் கொல்லையில் சவுக்கு நட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். கடலூரிலிருந்து புதுச்சேரி வரும் வழியில் அப்படி மாறிய நிலங்களை நான் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விலையில் நம்பிக்கை போன பயிரை யாரும் திரும்ப விதைப்பதில்லை. விளைச்சல் குறைந்தால் எண்ணெய் வாங்குபவருக்கும் நட்டம்தான். கூட்டாளிகள் பெறுவதைவிட மற்ற எல்லோரும் சேர்ந்து இழப்பது அதிகம் என்று பொருளியல் சொல்வது இதைத்தான்.

எங்கள் ஊரையே தொட்ட வழக்கு ஒன்றும் உண்டு. பீர் நிறுவனங்கள் 2009 முதல் 2018 வரை பல மாநிலங்களில் விலையைப் பேசி வைத்துக்கொண்டு நடத்தின என்று இந்தியப் போட்டி ஆணையம் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்து, யுனைடெட் புரூவரீஸ், கார்ல்ஸ்பெர்க் இந்தியா, அவற்றின் சங்கம் ஆகியவற்றின் மீது மொத்தம் ஏறத்தாழ 873 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தப் பட்டியலில் புதுச்சேரி யூனியன் பிரதேசமும் இருந்தது. இதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி, பீர் விலையை ஏற்ற அரசின் ஒப்புதல் தேவைப்பட்ட இடங்களிலும் அவர்கள் என்ன விலை கேட்பது என்று முன்கூட்டியே கூடிப் பேசியிருக்கிறார்கள் என்பது. அதிகாரி முன்னிலையில், அரசு வகுத்த முறைப்படி நடந்த ஏலம் என்பது மட்டும் கூட்டுக்குக் கவசமாகிவிடாது.


எழுதியவர்: வழக்கறிஞர் (கடலூர், மஞ்சக்குப்பம்)

சட்டக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். ஆம், வாங்குபவர்கள் கூடினாலும் சட்டம் செல்லும். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, ஒரே வகைத் தொழில் செய்பவர்கள் கூடி விற்பனை விலையை மட்டுமன்றிக் கொள்முதல் விலையை நிர்ணயிப்பதையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. சந்தையைப் பங்கு போட்டுக்கொள்வதும், ஏலத்தில் கூட்டுச் சேர்வதும் அதே உட்பிரிவில் தனித்தனியாக இருக்கின்றன. அந்த வகை உடன்பாடு நிரூபிக்கப்பட்டுவிட்டால், அது போட்டியைப் பாதித்தது என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். பாதிக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு எதிர்த் தரப்புக்குப் போய்விடும். உடன்பாடு என்பது எழுத்தில் இருக்க வேண்டியதில்லை. வாய்ப்பேச்சு, புரிந்துணர்வு, ஒருமித்துச் செயல்படுதல் எல்லாமே உடன்பாடுதான். டீக்கடைப் பேச்சும் அதில் அடங்கும்.

உடன்பாடு இருந்ததை நிரூபிப்பதுதான் மலை. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதை உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறது. கிடங்கில் தானியத்தைப் பூச்சி அரிக்காமல் காக்கப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளுக்கு இந்திய உணவுக் கழகம் 2009-இல் டெண்டர் விட்டபோது, மூன்று நிறுவனங்கள் கிலோவுக்கு ஒரு பைசா பிசகாமல் 388 ரூபாய் என்று எழுதின. அவற்றின் ஆலைகள் வேறு வேறு இடங்களில், அடக்க விலையும் ஒன்றல்ல. அப்படியிருந்தும் விலை ஒன்றாக வந்ததற்கு அவர்களால் ஏற்கத்தக்க விளக்கம் தர முடியவில்லை. அவர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள் என்ற முடிவை 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது; அபராதத்தை, குற்றத்தோடு தொடர்புடைய பொருளின் விற்றுமுதலை (மொத்த விற்பனைத் தொகையை) மட்டும் கொண்டு கணக்கிட வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் குறைத்திருந்ததையும் ஏற்றது. மறு ஆண்டு 2018 அக்டோபரில் எரிவாயு சிலிண்டர் தயாரிப்பாளர்கள் வழக்கு. அங்கும் விலைகள் ஒத்திருந்தன. டெண்டருக்கு முன்னால் மும்பையில் கூட்டமும் நடந்திருந்தது. ஆனால் சிலிண்டரை வாங்குவது மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்கள் மட்டும், அவற்றின் நிபந்தனைகளே விலையை ஓரிடத்தில் கொண்டு நிறுத்துகின்றன, எனவே விலை ஒற்றுமைக்குச் சந்தையின் அமைப்பே காரணமாக இருக்கலாம் என்று நீதிமன்றம் அபராதத்தை நீக்கியது. நான்கைந்து ஆலைகளே வாங்குகின்றன என்ற வாதம் உங்கள் வழக்கிலும் வரும். அதை எதிர்கொள்ள உங்களிடம் இருப்பது ஈரோட்டுக்காரர் வந்த வாரமும், வந்தால் பக்கத்துக் கூடங்களின் விலையும்தான்.

வழி இரண்டு இருக்கிறது. அருகில் இருப்பது, தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், 1987. வியாபாரிகளுக்கு உரிமம் கொடுப்பது விற்பனைக்குழு. அதன் செயலாளருக்கு எழுதி, நகலைச் சென்னையில் வேளாண்மை விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறைக்கு அனுப்புங்கள். அதற்கு முன், உங்கள் குவியல்களுக்கு இந்தப் பட்டத்தில் விழுந்த எல்லாச் சீட்டுகளின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். சீட்டுகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தால், அந்தப் பதிலே பொருளியல் ஆசிரியர் சொன்ன மனுவுக்குக் காரணமாகிவிடும்.

தொலைவில் இருப்பது இந்தியப் போட்டி ஆணையம். பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, எவரும் 19-ஆம் பிரிவின்கீழ் அங்கே தகவல் தாக்கல் செய்யலாம். கட்டணம் உண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். பெயரை வெளியிடாமல் வைக்கும்படி கேட்கவும் வழி இருக்கிறது. மேலோட்டமான முகாந்திரம் இருக்கிறது என்று ஆணையம் கருதினால், அதன் தலைமை இயக்குநர் விசாரிப்பார். சிண்டிகேட் என்று தீர்ப்பானால், அது நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தைப் போல் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் பத்து விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். ஆனால் காலம் ஆகும் என்பதை மறைக்க மாட்டேன். சிமென்ட் நிறுவனங்கள் மீது ஆணையம் 2012-இல் 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது; விசாரணை முறையில் குறை இருந்தது என்று 2015-இல் அது நீக்கப்பட்டது; ஆணையம் 2016-இல் மறுபடி தீர்ப்பளிக்க, 2018-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்ய, பிறகு விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

இத்தகைய வழக்குகளில் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் உள்ளே இருப்பவர்தான். கூட்டில் இருந்த ஒருவரே முதலில் வந்து முழு உண்மையையும் ஆதாரத்தோடு சொன்னால், 46-ஆம் பிரிவின்படி அவருக்கு அபராதம் முழுவதுமே தள்ளுபடி ஆகலாம். பீர் வழக்கில் சிக்கிய மூன்றாவது நிறுவனம், முதலில் வந்து உண்மையைச் சொன்னதால், ஒரு ரூபாய்கூட அபராதம் கட்டவில்லை. இதை உங்கள் கூடத்து வியாபாரிகளில் மனச்சாட்சி உள்ள எவரேனும் படித்தால் நல்லது.


எழுதியவர்: மூன்று ஏக்கர் (குறிஞ்சிப்பாடி)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெயரோடு சீட்டை ஒட்டச் சொல்லும் மனுவை நிறுத்திவிட்டோம். ஆசிரியர் ஐயா சொன்னபடி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். கூடத்தில் ஈரமானி இருக்கிறது, பெட்டியை விட்டு வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை. அதையும் மனுவில் சேர்த்துவிட்டேன்.

பக்கத்துக் கூடங்களின் விலையைத் தேடிப் பார்த்தேன். நாள்தோறும் வெளியாகும் விலைப் பட்டியலில் இரண்டு கூடங்களுக்கு மட்டும் கிடைத்தது. ஈரோட்டுக்காரர் வந்த வாரத்தில் ஒன்றில் 40 ரூபாய் ஏறியிருக்கிறது, மற்றொன்றில் 15 ரூபாய் இறங்கியிருக்கிறது. நானூறு எங்கும் இல்லை. நோட்டை மறுபடி புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. யார் எந்த வரிசையில் வாங்கினார்கள் என்று எழுதி வைத்த மூன்று வாரங்களில், ஒருவருடைய வரிசைக்குள் இன்னொருவர் வாங்கியது ஒரே ஒரு குவியல்தான்.

இப்போது இருக்கும் தயக்கம் வேறு. புகார் கொடுத்தது நான் என்று தெரிந்தால், அடுத்த வாரம் என் குவியலுக்கு மட்டும் ஒரு சீட்டும் விழாது. அறுபது கிலோமீட்டர் தாண்டி இன்னொரு கூடத்துக்கு வண்டி பிடித்தால் கிடைக்கும் லாபம் வாடகையிலேயே போய்விடும். வீட்டில் அடுக்கி வைத்தால் எலி. சின்ன விவசாயி இதைத் தாண்டி எப்படி நிற்பது?


எழுதியவர்: வழக்கறிஞர் (கடலூர், மஞ்சக்குப்பம்)

உங்கள் தயக்கம் மிகச் சரியானது. தனி ஆளாகப் போகாதீர்கள். உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் அதே கூடத்துக்குக் கொண்டுபோகிற பத்துப் பேராவது கையெழுத்துப் போடட்டும், அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் அதன் பெயரில் போகட்டும். பத்துப் பேருடைய குவியலையும் ஒரே நாளில் தீண்டாமல் விட்டால், ஒன்றுகூடிப் புறக்கணித்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறு கிடைக்காது.

விழுந்த விலை பிடிக்கவில்லை என்றால் விற்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை விவசாயிக்கு உண்டு. சரக்கைக் கூடத்துக் கிடங்கிலேயே இருப்பு வைத்து, அதன் மதிப்பில் ஒரு பங்கைப் பொருளீட்டுக் கடனாக வாங்கிக்கொள்ளலாம். விதைக் கடனுக்கும் கூலிக்கும் அன்றைக்கே காசு வேண்டும் என்பதால்தான் 7,400-க்குத் தலையாட்டுகிறோம். அந்த அவசரம் அவர்களுக்கும் தெரியும். கடன் மனுவை மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.


எழுதியவர்: பழைய கணக்குப்பிள்ளை (பண்ருட்டி)

ஒரே ஒரு சேர்ப்பு. நோட்டில் இனி நான்கு பத்திகள் போடுங்கள்: வரிசை, குவியலின் ஈரப்பதம், வாங்கியவர், விழுந்த சீட்டுகளின் எண்ணிக்கை. ஈரப்பதத்தை அன்றைக்கே குறிக்காவிட்டால், சரக்கு ஈரம், அதனால்தான் குறைத்து எழுதினோம் என்று பின்னால் சொல்லிவிடுவார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. கூடத்து ஈரமானி பெட்டியிலேயே தூங்கினால், என் வீட்டில் பழையது ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு உதவும்.